அடுத்த வருஷம் லீவு எப்போது?

அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சமையல் அறைக்குப் போனால், பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதில் சாமி படம் கிடையாது. சினிமா நட்சத்திரமும் கிடையாது. பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும். கட்டத்துக்குள் தேதிகள். சில தேதிகளுக்கு ஒரு வர்ணம், சில தேதிகளுக்கு வேறு வர்ணம்.

அதுதான் பள்ளிக்கூட காலண்டர்.

பள்ளிக்கூடம் என்றைக்குத் திறக்கும், என்றைக்கு மூடும், எந்த நாள் விடுமுறை, எந்த நாள் அரைநாள், ஆசிரியரைப் பெற்றோர் பார்க்க வேண்டிய நாள் எது என்பதெல்லாம் அதில் இருக்கும். திறக்கிற அன்றைக்குக் கொடுக்கிற தாள் அல்ல இது. பல மாதம் முந்தியே வந்துவிடும். சில ஊர்களில் இரண்டு வருஷம், மூன்று வருஷத்துக்கான காலண்டரை ஒரே கூட்டத்தில் முடிவு செய்து அறிவித்து விடுகிறார்கள்.

"லீவு நாளை முன்கூட்டியே சொல்வது ஒரு பெரிய காரியமா?" என்று கேட்கலாம்.

பெரிய காரியம்தான். அதிலும், கூலிக்கு வேலை செய்கிற குடும்பத்துக்கு மிகப் பெரிய காரியம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்

ஒரு வருஷத்தில் சனி, ஞாயிறு போக சுமார் 260 நாட்கள் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் பள்ளிக்கூடம் 180 நாட்கள் நடந்தால் போதும். மீதி 80 நாட்கள்.

அந்த 80 நாட்களும் பிள்ளை வீட்டில். தாயாருக்கோ வேலை!

அரசாங்க விடுமுறை ஒரு பத்து நாள் என்று கழிக்கலாம். கடைக்காரியாகவோ, ஓட்டலில் பரிமாறுகிறவளாகவோ இருந்தால் அந்தப் பத்து நாளிலும் அவளுக்கு வேலை இருக்கும். அது போகட்டும். முதலாளி நல்லவராக இருந்து இரண்டு வாரம் லீவு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 60 நாள் பாக்கி. அந்த 60 நாளும் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

பணக்கார நாடு ஆயிற்றே, சம்பளத்தோடு லீவு கிடைக்காதா என்று நினைக்கத் தோன்றும். தனியார் முதலாளி தம் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தே தீரவேண்டும் என்று அந்த நாட்டு மத்திய அரசு சட்டம் எதுவும் போடவில்லை. கொடுத்தால் உண்டு. மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர் ஒரு நாள் வராவிட்டால், அன்றைய கூலி போச்சு. 2009-ல் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். எட்டு மணி நேரத்துக்கு 58 டாலர். பல மாநிலங்களில் கூலி இதைவிட அதிகம்தான். ஆனாலும் ஒரு நாள் கூலி போனால், அந்த வாரத்துக் கடைச் சாமானில் அது தெரியும்.

தேதி முன்கூட்டியே தெரிந்தால் பாட்டியை வரவழைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரியோடு முறை வைத்துக்கொள்ளலாம்: "இந்தத் திங்கள்கிழமை உன் பிள்ளையை நான் பார்க்கிறேன், அடுத்த திங்கள்கிழமை என் பிள்ளையை நீ பார்." வேலை நேரத்தை மாற்றிக்கொடுக்கும்படி மேஸ்திரியிடம் ஒரு மாதம் முன்பே சொல்லலாம். முதல் நாள் ராத்திரி தெரிந்தால் இதில் எதுவும் நடக்காது.

கோடை விடுமுறையில் குழந்தைகளை விளையாட்டு, நீச்சல் என்று பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் முகாம்கள் அங்கே உண்டு. குறைந்த கட்டணத்தில் நடக்கிற நல்ல முகாம்களில் ஜனவரி, பிப்ரவரியிலேயே இடம் நிரம்பிவிடும். பள்ளிக்கூடம் ஜூனில் எந்தத் தேதியில் மூடும் என்று தெரிந்தால்தான் அங்கே பெயர் கொடுக்க முடியும்.

பிரிந்து வாழும் தாய் தகப்பனுக்கும் இந்தக் காலண்டர்தான் வழிகாட்டி. பிள்ளை எந்த லீவுக்கு யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லும்போது, பள்ளிக்கூட காலண்டரை வைத்தே சொல்வதுண்டு.

காலண்டரை யார் போடுவது?

இங்கே கல்வித் துறை ஓர் உத்தரவு போட்டால் மாநிலம் முழுவதற்கும் பொருந்தும். அங்கே அப்படி இல்லை. "பள்ளி ஜில்லா" என்று ஊர் ஊராகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இது கலெக்டர் ஆள்கிற ஜில்லா அல்ல. பள்ளிக்கூடங்களை நடத்துவதற்கென்றே உள்ள ஜில்லா. நாடு முழுவதும் இப்படி 13,000-க்கு மேல் இருக்கின்றன. சில ஜில்லாக்களில் இரண்டே பள்ளிக்கூடம். ஹவாய் தீவுகளில் மாநிலம் முழுவதும் ஒரே ஜில்லா.

பெரும்பாலான ஜில்லாக்களில் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த போர்டு உண்டு. எத்தனை நாள் பள்ளி நடக்கவேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்லும். எந்தெந்த நாள் என்பதைப் போர்டு முடிவு செய்யும். கூட்டம் பகிரங்கமாக நடக்கும். பெற்றோர் எழுந்து நின்று பேசலாம். ஆசிரியர் சங்கமும் பேசும்.

லீவு நாளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தால் தப்பு. வரி உயர்வுக்கு நடக்கிற சண்டை போல நடக்கும்.

வடக்கே நியூயார்க் நகரத்தில் செப்டம்பர் முதல் வாரத்தில்தான் பள்ளி திறக்கும். தெற்கே அட்லாண்டாவில் ஆகஸ்டு தொடக்கத்திலேயே திறந்துவிடும். அட்லாண்டாப் பிள்ளை ஒரு மாதப் பாடம் படித்து முடிக்கிறபோது நியூயார்க் பிள்ளை இன்னும் கடற்கரையில் மணல் வீடு கட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக அட்லாண்டாப் பிள்ளைக்கு மே மாதக் கடைசியிலேயே லீவு. நியூயார்க் பிள்ளை ஜூன் மாதக் கடைசி வரை புழுக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

விர்ஜீனியா மாநிலத்தில் இதில் ஒரு வேடிக்கை நடந்தது. செப்டம்பர் முதல் திங்கள்கிழமை அங்கே தொழிலாளர் தினம். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தைத் திறக்கக்கூடாது என்று 1986-ல் சட்டம் போட்டார்கள். பனி அதிகம் விழும் ஊர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். சட்டத்துக்கு ஊரார் வைத்த பெயர் "கிங்ஸ் டொமினியன் சட்டம்". கிங்ஸ் டொமினியன் என்பது ராட்டினங்களும் வேடிக்கைகளும் உள்ள பெரிய பொழுதுபோக்குப் பூங்கா! ஆகஸ்டில் பள்ளி திறந்துவிட்டால் பூங்காவுக்கு வர ஆள் ஏது? அங்கே டிக்கெட் கிழிக்கிற, ஐஸ்கிரீம் விற்கிற வேலையைச் செய்வதும் பள்ளிப் பிள்ளைகள்தானே? 2019-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். 33 வருஷம், ராட்டினம் சுற்றுவதற்காகப் பள்ளிக்கூடம் காத்திருந்தது!

உருளைக்கிழங்கு லீவு

வியாபாரிக்காகக் காலண்டரை வளைப்பது ஒரு மாதிரி. ஊர் ஜனங்களின் பிழைப்பை அனுசரித்துக் காலண்டர் போடுவது இன்னொரு மாதிரி.

மெயின் என்ற மாநிலம் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி இருக்கிறது. அதன் வடக்குக் கோடியில் அரூஸ்டூக் என்ற பகுதி. அங்கே உருளைக்கிழங்குதான் வாழ்வு. உறைபனி வந்து கிழங்கைக் கெடுப்பதற்குள் செப்டம்பர், அக்டோபரில் தோண்டி எடுத்துவிட வேண்டும். ஆகையால் பள்ளிக்கூடத்தை ஆகஸ்டு நடுவிலேயே திறப்பார்கள். செப்டம்பரில் சுமார் மூன்று வாரம் மூடுவார்கள். பிள்ளைகள் வயலுக்குப் போய்க் கிழங்கு பொறுக்கிக் கூடையில் போடுவார்கள். அந்தக் கூலியில் குளிர் காலத்துக்குச் சட்டையும் பூட்சும் வாங்குவார்கள்.

இப்போது அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. பிள்ளைகளின் கை அவ்வளவு தேவைப்படவில்லை. பல பள்ளிகள் இந்த லீவைக் குறைத்துவிட்டன. சில நிறுத்தியே விட்டன. நிறுத்தும்போது ஊர்ப் பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள். தாங்கள் குனிந்து பொறுக்கிய வயலைப் பேரன் பார்க்காமலே போவானே என்ற வருத்தம்.

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு லீவு. 1963 முதல் 2018 வரை நவம்பர் மாத நன்றியறிதல் பண்டிகைக்கு அடுத்த திங்கள்கிழமைதான் துப்பாக்கி வேட்டை தொடங்கும் நாள். அன்று கிராமப்புறப் பள்ளிக்கூடங்கள் பல மூடிக்கிடக்கும். மூடாமல் என்ன செய்வது? திறந்து வைத்தாலும் பெஞ்சு காலி. பஸ் டிரைவரும் காட்டில்தான் இருப்பார். 2019-ல் வேட்டை தொடங்கும் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஆனாலும் பல பள்ளிகள் திங்கள்கிழமை லீவை விடவில்லை.

கோடை விடுமுறையே விவசாயத்துக்காக வந்தது என்று அமெரிக்காவில் பலர் சொல்வார்கள். அது சரியல்ல. விதைப்பது வசந்தத்தில், அறுப்பது இலையுதிர் காலத்தில். பழைய நாளில் கிராமப் பள்ளிகள் அந்த இரண்டு காலத்திலும் மூடி, கோடையில் நடந்தன. நியூயார்க் போன்ற பெரிய பட்டணங்களில் 1840-களில் வருஷத்துக்கு 240 நாளுக்கு மேல் பள்ளி நடந்தது. பட்டணத்து வெயில் தாங்காது, வசதி உள்ளவர்கள் கோடையில் வெளியூர் போய்விடுகிறார்கள், பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஓய்வு வேண்டும் என்பதெல்லாம் சேர்ந்துதான் நாளடைவில் நீண்ட கோடை விடுமுறை ஏற்பட்டது.

அரைநாள் என்னும் தொல்லை

காலண்டர் முன்கூட்டியே வருவது நல்லது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முழுநாள் லீவைவிடத் தாய்மாரை அதிகம் தொல்லைப்படுத்துவது அரைநாள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கூட்டம் என்று சொல்லி மத்தியானமே பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள். பயிற்சி வேண்டியதுதான். ஆனால் வேலைக்காரத் தாய் காலையில் போய் மத்தியானம் திரும்ப முடியுமா? அவளுக்கு அது முழுநாள் நஷ்டம். இப்படி எட்டு அரைநாளை எட்டு வாரத்தில் தூவுவதைவிட, நாலு முழுநாளாகச் சேர்த்து வைத்தால் தொல்லை பாதியாகும். பிள்ளைக்குப் பாடம் ஒன்றும் குறையாது.

இன்னொரு சங்கடம். பக்கத்துப் பக்கத்து ஜில்லாவுக்கு வேறு வேறு காலண்டர். ஓர் ஆசிரியை ஒரு ஜில்லாவில் வேலை பார்ப்பாள். குடியிருப்பது அடுத்த ஜில்லாவில். அவளுக்கு வசந்த லீவு இந்த வாரம். அவள் பிள்ளைகளுக்கு அடுத்த வாரம். ஊரார் பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிட்டு வீட்டில் இருப்பாள். தன் பிள்ளைக்கு லீவு வரும்போது பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அக்கம்பக்கத்துப் போர்டுகள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால் தீருகிற காரியம் இது.

சமீப காலத்தில் வாரத்துக்கு நாலே நாள் பள்ளி என்ற வழக்கமும் பரவியிருக்கிறது. கிராமப்புற ஜில்லாக்களில் தொடங்கியது. 2023-ல் மிசௌரி மாநிலத்தில் இண்டிபெண்டன்ஸ் என்ற பெரிய ஊரே இதற்கு மாறியது. திங்கள்கிழமை லீவு, மற்ற நாட்களில் கொஞ்ச நேரம் கூடுதல். ஏன்? ஆசிரியர் கிடைக்கவில்லை. அதிகச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. நாலு நாள் வேலை என்றால் ஆசிரியர் வருவார்கள் என்று நினைத்தார்கள்.

ஆசிரியருக்கு நல்லதுதான். ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டிய பொறுப்பு அரசாங்கத்துக்கு. அதை நாளாக மாற்றிப் பெற்றோர் தலையில் வைப்பது நியாயமா? திங்கள்கிழமை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பணம் கட்ட வேண்டியவர்கள் அவர்கள்தானே! பெரிய ஊர்களில் நாலு நாள் பள்ளி வேண்டுமானால் வாக்காளர்களின் சம்மதம் கேட்கவேண்டும் என்று மிசௌரியில் 2024-ல் சட்டம் செய்தார்கள். கேட்டுச் செய்வது நல்ல ஏற்பாடு.

சமையல்காரியும் டிரைவரும்

காலண்டர் என்றதும் பிள்ளை, பெற்றோர், ஆசிரியர் மூவரும்தான் நினைவுக்கு வருவார்கள். மஞ்சள் பஸ் ஓட்டுகிறவர், பள்ளிச் சமையல் அறையில் வேலை செய்கிறவர், பெருக்கித் துடைக்கிறவர் இவர்களை யாரும் நினைப்பதில்லை. இவர்களில் பலருக்கு மணிக்கணக்குக் கூலி. பள்ளி நடந்தால் கூலி. நடக்காவிட்டால் இல்லை.

இவர்களுக்குக் காலண்டர் என்பது சம்பளப் பட்டியல். எந்த மாதம் எத்தனை வேலை நாள் என்று எண்ணிப் பார்த்துத்தான் வாடகைக்கும் கரண்டுக்கும் ஒதுக்க முடியும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் லீவு. அந்த மாதச் சம்பளம் சுருங்கும். செலவோ அந்த மாதத்தில்தான் அதிகம். கோடையில் இரண்டு மாதத்துக்கு மேல் ஒன்றுமே கிடையாது. வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிப் பணமும் கிடைக்காது. "லீவு முடிந்ததும் மறுபடி வேலை இருக்கிறதே, நீ வேலை இல்லாதவன் அல்ல" என்று சட்டம் சொல்லிவிடும். மின்னசோட்டா மாநிலம் 2023-ல் இதை மாற்றியது. பள்ளிக்கூடத்தில் மணிக்கூலி வாங்குகிறவர்களுக்குக் கோடையிலும் அந்த உதவி கிடைக்க வழி செய்தது. மற்ற மாநிலங்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1946-ல் பள்ளி மதிய உணவுச் சட்டம் வந்தது. நாள்தோறும் சுமார் மூன்று கோடிப் பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசம். லீவு விட்டால் அந்தச் சாப்பாடு நின்றுவிடும். பணக்காரப் பிள்ளை லீவு நாளை எண்ணிச் சந்தோஷப்படும். ஏழைத் தாய் அதே நாட்களை எண்ணி அரிசிப்பானையைப் பார்ப்பது போல ரொட்டிப் பெட்டியைப் பார்ப்பாள். 2024-ல் இதற்கு ஒரு நிரந்தரத் திட்டம் தொடங்கியது. கோடை விடுமுறைக்காகத் தகுதி உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் 120 டாலர், உணவுப் பொருள் வாங்க. நல்ல திட்டம். ஆனால் சில மாநிலங்கள் அந்த ஆண்டு அதில் சேரவில்லை.

பனி விழுந்தால்?

மனிதன் போடுகிற காலண்டரை வானம் மதிக்காது. வடக்கு மாநிலங்களில் பனி கொட்டினால் பஸ் ஓடாது. ஆகையால் காலண்டர் போடும்போதே சில நாட்களைக் கூடுதலாகச் சேர்த்து வைக்கிறார்கள். வீட்டில் அவசரத்துக்கு அரிசி டப்பாவில் பணம் போட்டு வைப்பது போலத்தான். பனி குறைவாக விழுந்தால் மிச்ச நாட்களை லீவாகத் திருப்பிக் கொடுக்கிற ஊரும் உண்டு. அதிகம் விழுந்தால் ஜூனில் நாள் கூடும். எந்த நாள் கூடும் என்பதையும் முன்பே காலண்டரில் அச்சடித்து விடுவார்கள்.

முன்பெல்லாம் விடியற்காலையில் ரேடியோவில் பள்ளிக்கூடங்களின் பெயரை வரிசையாகப் படிப்பார்கள். பிள்ளைகள் போர்வைக்குள் இருந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். இப்போது டெலிபோனில் செய்தி வந்துவிடுகிறது.

நியூயார்க் நகரம் பனி லீவையே எடுத்துவிட்டது. பனி விழுந்தால் வீட்டில் இருந்தபடி கம்ப்யூட்டரில் பாடம் என்று வைத்தார்கள். 13-2-2024 அன்று இப்படிச் செய்தார்கள். ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானவர்கள் நுழைய முயன்றதால் காலையில் பலருக்குக் கதவே திறக்கவில்லை. பிள்ளைகள் பனியில் விளையாடவும் இல்லை, பாடமும் படிக்கவில்லை.

நியூயார்க்கில் பனி நாளுக்கு இடம் இல்லாமல் போனதற்குக் காரணங்களில் ஒன்று, அங்கே பண்டிகை லீவு பெருகியது. 2015-ல் முஸ்லிம் பண்டிகைகளைச் சேர்த்தார்கள். 2016-ல் சீனர் கொண்டாடும் புத்தாண்டு. 2023 நவம்பரில் தீபாவளிக்குச் சட்டம் வந்தது. 1-11-2024 அன்று நியூயார்க் நகரப் பள்ளிகள் அனைத்தும் தீபாவளிக்கு மூடின. அதற்கு முன்பெல்லாம் தமிழ்ப் பிள்ளை அன்று லீவு எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வகுப்பில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும்.

ஒரு பண்டிகையைச் சேர்த்தால் 180 நாள் கணக்கு உதைக்கும். அதைச் சரிக்கட்ட, பள்ளி ஜூன் கடைசி வரை போகும். 2025-ல் நியூயார்க்கில் கடைசி நாள் ஜூன் 26.

அந்தத் தேதி தமிழ்நாட்டு வீடுகளையும் தொடும்.

மகன் அமெரிக்காவில். பேரனும் பேத்தியும் அங்கே படிக்கிறார்கள். வீட்டில் கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம். அண்ணன் குடும்பத்தோடு வராமல் நடத்த முடியுமா? அட்லாண்டா பக்கம் குடியிருக்கிற அண்ணனாக இருந்தால் கவலை இல்லை. மே கடைசியில் லீவு. வைகாசியின் பிற்பகுதியும் ஆனி முழுவதும் கையில் இருக்கும். நியூயார்க் அண்ணன் என்றால் ஜூன் 26-க்குப் பிறகுதான் விமானம் ஏறலாம். ஆனியில் மிச்சம் இருப்பது மூன்று வாரத்துக்கும் குறைவு. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆகஸ்டு 17 வாக்கில் ஆவணி. செப்டம்பர் முதல் வாரம் நியூயார்க்கில் பள்ளி திறக்கும். இதற்குள் முகூர்த்த நாள் அமையவேண்டும், மண்டபம் கிடைக்க வேண்டும், நாலு பேருக்கு விமான டிக்கெட் எடுக்கிற விலையில் கிடைக்கவேண்டும்.

ஆகையால், இப்போதெல்லாம் சில வீடுகளில் ஜோசியரிடம் போவதற்கு முன்பு அமெரிக்காவுக்கு டெலிபோன் செய்கிறார்கள். "பள்ளிக்கூட காலண்டர் வந்துவிட்டதா?" என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொண்ட பிறகுதான் பஞ்சாங்கத்தைப் பிரிக்கிறார்கள்.